மும்பை 17

தாராவியில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முகவரியில் தாராவி என்று போடமாட்டோம். கிழக்கே இருக்கும் சயானைப் போடுவோம், இல்லையென்றால் மேற்கே மாஹிம். ஆனால் பின்கோடை என்ன செய்வது? 400017 என்று எழுதித்தான் ஆகவேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பவர் மும்பைக்காரராக இருந்தால் அந்தப் பதினேழைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி நம் முகத்தைப் பார்ப்பார். எனக்கும் அது நடந்தது. "தாராவியா?" என்று கேட்டவர், ஏற்கெனவே பார்த்து முடித்த சான்றிதழ்களை மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்த வேலை கிடைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னபோது, "விடுல, எல்லாருக்கும் இதே கததான்" என்றார்.

2019-இல் எம்.சி. அல்தாஃப் என்ற தாராவி இளைஞர் தன் ராப் பாட்டுக்கு 'கோட் மும்பை 17' என்று பெயர் வைத்தார். நாங்கள் கை நடுங்கி எழுதிய எண் பாட்டின் தலைப்பில் வந்து உட்கார்ந்திருந்தது. செம்பூரில் என் வீட்டில் அதை முதல்முறை கேட்ட அன்று, பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் அந்தத் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் எதைக் குற்றத்தின் அடையாளமாக வைத்திருக்கிறதோ அதையே ஒரு பாடகர் எடுத்துத் தன் பெயர்ப்பலகையில் மாட்டிக்கொள்வது எப்படி நடக்கிறது? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்பத் தூரத்துக் கதை ஒன்று உதவியது. அமெரிக்காவில் 1970-களில் 'அவுட்லா கன்ட்ரி' என்று ஓர் இசை பெயர் பெற்றது. 'அவுட்லா' என்றால் சட்டத்தை மீறியவர் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். பழைய இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கொடிய பொருள் இருந்தது: சட்டத்தின் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்பட்டவர். அவரை அடித்தால் கேட்பார் இல்லை, அவர் உடைமையைப் பறித்தால் வழக்கு இல்லை. மீறியவர் என்பதும் வெளியே தள்ளப்பட்டவர் என்பதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை.

டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்கு நம் கோடம்பாக்கம் மாதிரி. 1960-களில் அங்கே பாட்டு உருவான முறை ஒரு பட்டறையின் ஒழுங்கோடு இருந்தது. எந்தப் பாட்டு என்பதைத் தயாரிப்பாளர் தேர்ந்தெடுப்பார். வாசிப்பவர்கள் ஸ்டூடியோவின் வாடிக்கையான கலைஞர்கள். மூன்று மணி நேரம் ஓர் அமர்வு, அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிந்தாக வேண்டும். கிராமத்துப் பிடிலின் கரகரப்பு நகரத்துக் காதுக்கு உறுத்தும் என்று வயலின் கூட்டமும் கோரஸ் குரல்களும் மேலே பூசப்படும். பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். தன் பாட்டு கடைசியில் எப்படி ஒலிக்கும் என்பது பல நேரம் அவருக்கே தெரியாது.

டெக்சஸ்காரர்கள் இருவருக்கு இது ஒத்துவரவில்லை. லிட்டில்ஃபீல்டு என்ற சிற்றூரில் பிறந்த வெய்லன் ஜென்னிங்ஸ் 1965 முதல் ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் பாடகர். ஊர் ஊராகத் தன்னோடு வந்து வாசிக்கும் குழுவையே பதிவிலும் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார், நடக்கவில்லை. ஆர்.சி.ஏ. பாடகர் ஆர்.சி.ஏ. ஸ்டூடியோவில்தான் பாட வேண்டும் என்பது இன்னொரு கட்டு. 1972-இல் மஞ்சள் காமாலையில் படுத்து, கடனில் மூழ்கியிருந்த நேரத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த நீல் ரெஷென் என்ற மேலாளர் நிறுவனத்தோடு மல்லுக்கட்டிப் புது ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தார். பாட்டைத் தேர்வதும் ஆட்களைத் தேர்வதும் இனி வெய்லன் கையில். அடுத்த ஆண்டே, அன்றைக்கு யாருக்கும் தெரியாத பில்லி ஜோ ஷேவர் எழுதிய பாட்டுகளாகவே கிட்டத்தட்ட ஓர் ஆல்பம் முழுவதையும் நிறைத்தார்.

மற்றவர் வில்லி நெல்சன். நாஷ்வில்லில் அவர் எழுதிக் கொடுத்த பாட்டுகளைப் பிறர் பாடிப் புகழ் பெற்றார்கள். அவருடைய குரல் மட்டும் விலைபோகவில்லை. தாளத்தோடு சேர்ந்து பாடாமல் அரைக்கால் அடி பின்தங்கியே வருவார், கேட்பவருக்கு விழுந்துவிடுவாரோ என்று இருக்கும், விழமாட்டார். வீடு தீப்பிடித்து எரிந்த பிறகு டெக்சஸுக்கே திரும்பி ஆஸ்டினில் குடியேறினார். 1975-இல் கொலம்பியா நிறுவனத்துக்கு அவர் கொடுத்த ஆல்பத்தில் ஒரு கிட்டாரும் சில வாத்தியங்களும்தான் இருந்தன. இது ஒத்திகைப் பதிவுபோல் இருக்கிறதே என்றார்கள் நிறுவனத்தார். ஒப்பந்தப்படி முடிவு வில்லியினுடையது, அப்படியே வெளியிட வேண்டியதாயிற்று. பெரும் வெற்றி பெற்றது.

ஆக, இவர்கள் மீறியது நாட்டின் சட்டத்தை அல்ல, ஒரு தொழிலின் வழக்கத்தை. சண்டை முழுவதும் ஒப்பந்தக் காகிதத்தில் நடந்தது. 'அவுட்லா' என்ற பட்டத்தை இந்த வகை இசைக்கு முதலில் சூட்டியவர் ஹேசல் ஸ்மித் என்ற விளம்பரப் பணியாளர். ஆர்.சி.ஏ. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. கைவசம் இருந்த பழைய பதிவுகளைத் தொகுத்து, அட்டையில் போலீஸ் தேடும் ஆட்களின் சுவரொட்டிபோலப் படம் போட்டு 1976-இல் ஒரு ஆல்பம் வெளியிட்டது. வெய்லன், வில்லி இவர்களோடு ஜெசி கோல்ட்டர், டாம்பால் கிளேசர். நாட்டுப்புற இசையில் பத்து லட்சம் விற்றதாகச் சான்று பெற்ற முதல் ஆல்பம் அதுதான். எந்த நிறுவனத்தின் பிடியிலிருந்து அவர்கள் வெளியே வந்தார்களோ, அதே நிறுவனம் அந்த வெளியேற்றத்தையே சரக்காக்கி விற்றது. இது தாராவிக் கதையிலும் வரும், நினைவில் வையுங்கள்.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு இருவரும் சேர்ந்து பாடியது. மேடையில் கூட்டம் ஆர்ப்பரிக்க அவர்கள் மாறி மாறிப் பாடுவதுபோல் கேட்கும். உண்மையில் அந்த மேடையில் வில்லி இல்லவே இல்லை. வெய்லன் தனியாகப் பாடிய மேடைப் பதிவை எடுத்து, இடையிடையே தன் குரலை அழித்து, அந்த இடங்களில் பிறகு பாடவைத்த வில்லியின் குரலைச் செருகினார். வில்லி பாடத் தொடங்கும் இடத்தில் கைதட்டலையும் ஏற்றிவிட்டார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பதிவு மேசையில் இருந்த கை பாடகருடைய கை என்பதுதான். தன் குரலை எங்கே அழிப்பது, நண்பனை எங்கே வரவழைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். ஆறு வருடத்துக்கு முன் அந்த மேசையருகே அவரை விட்டிருக்கமாட்டார்கள்.

1978-இல் இருவர் பெயரையும் தலைப்பாகப் போட்டு 'வெய்லன் அண்ட் வில்லி' வந்தது. வில்லி வேறு நிறுவனத்துப் பாடகர் என்றாலும் வெளியிட்டது ஆர்.சி.ஏ. பிள்ளைகளை மாட்டுக்காரர்களாக வளர்க்க வேண்டாம் என்று தாய்மாருக்குச் சொல்லும் அதன் புகழ்பெற்ற பாட்டு அவர்களுக்கு கிராமி விருது வாங்கித் தந்தது. கேட்டுப் பாருங்கள், இரண்டு குரலும் கரைந்து ஒன்றாவதே இல்லை. வெய்லனின் கனத்த குரல் தாளத்தின் மேலேயே காலை ஊன்றி நடக்கும், வில்லியின் மூக்குக் குரல் பின்னாலேயே தன்போக்கில் வரும்.

இரட்டைக் குரல் என்றதும் மும்பைத் தமிழருக்கு மாட்டுங்கா நினைவுக்கு வரும். சண்முகானந்தா அரங்கு, அங்கே பட்டுப்புடவையும் டபரா காபியுமாகக் கழிந்த மாலைகள். பம்பாயில் வளர்ந்து பம்பாய் சகோதரிகள் என்றே பெயர் பெற்ற சரோஜாவும் லலிதாவும் இரண்டு தொண்டையால் ஒரே குரலைப் பாடியவர்கள். எது யார் குரல் என்று பிரிக்கமுடியாததுதான் அந்தக் கலையின் உச்சம். சண்முகானந்தாவிலிருந்து தாராவிக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் அங்கே எங்கள் வீடுகளுக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த இரட்டைக் குரல் வேறு. அது வில்லுப்பாட்டு. முன்பாட்டுக்காரர் ஒரு வரி சொல்லி நிறுத்துவார், பக்கத்தில் குடம் அடிப்பவர் "ஆமா" என்பார். சில இடத்தில் "அப்புறம்?" என்று கேள்வி போடுவார், சில இடத்தில் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துத் திருப்பிச் சொல்வார். இரண்டாவது குரல் இல்லையென்றால் முதல் குரலுக்கு மூச்சு வாங்க இடமிருக்காது. ராப் பாடும் இரட்டையர்கள் செய்வது இதே வேலைதான்.

வில்லுப்பாட்டு யாரைப் பாடியது என்பதையும் பார்க்கவேண்டும். சாதி மீறி மணந்து, மாடு காக்கப் போய் வெட்டுப்பட்ட முத்துப்பட்டன். நா. வானமாமலை தேடித் தொகுத்த கதைப்பாடல்களில் இப்படி ஊரும் அரசும் கைவிட்ட பல பேர் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் சந்தையிலும் ரயிலிலும் விற்ற கொலைச்சிந்துக் குட்டிப் புத்தகங்கள். தென்பாண்டிச் சீமையில் 1923-இல் சுட்டுக் கொல்லப்பட்ட கொள்ளைக்காரர் ஜம்புலிங்கத்துக்கும் பாட்டு உண்டு. சட்டத்துக்கு வெளியே நின்றவரைப் பாடுவது தமிழுக்குப் பழக்கமான காரியம். ஆனால் ஒன்று, அவர்கள் கதையைப் பாடியதெல்லாம் வேறு ஆட்கள். செத்தபிறகு.

சினிமாவும் அப்படித்தான் பாடியது. 1987 தீபாவளிக்கு வந்த 'நாயகன்' தாராவியை உலகத் தமிழருக்கெல்லாம் காட்டியது. மாட்டுங்கா, சயான், தாராவி எங்கும் செல்வாக்கோடு இருந்த தாதா வரதராஜ முதலியாரின் சாயல் அதில் இருந்தது. அருமையான படம், இளையராஜாவின் பாட்டுகளும் அப்படியே. எங்கள் தெருவில் அதை வீடியோவில் ஓட்டியபோது உட்கார இடமில்லாமல் நின்று பார்த்தோம். படத்தின் தாராவியைத் தோட்டா தரணி சென்னையில் செட்டாகப் போட்டிருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதன் பிறகு தாராவிக்காரன் என்றால் தாதா, இல்லையென்றால் தாதாவின் ஆள். நேர்காணலில் என்னை நிமிர்ந்து பார்த்த கண்ணில் அந்தப் படமும் கொஞ்சம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் பையன்கள் தங்கள் கதையைத் தாங்களே பாடுவதற்கு ஒரு கருவி வேண்டியிருந்தது. ராப் அந்தக் கருவி ஆனதற்குக் காரணம் செலவுதான். ஹார்மோனியம் வேண்டாம், குரு வேண்டாம், வாடகை ஸ்டூடியோ வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பீட், அதுவும் இல்லையென்றால் வாயாலேயே தாளம் போடும் ஒரு நண்பன். குர்லாவில் வளர்ந்த நாவேத் ஷேக், நேஸி என்ற பெயரில் 2014-இல் வெளியிட்ட 'ஆஃபத்' பாட்டை அப்பா கொடுத்த ஐபேடிலேயே பதிவு செய்து, அதிலேயே படமும் பிடித்தார். அந்தேரியின் விவியன் ஃபெர்னாண்டஸ், அதாவது டிவைன், அவரோடு சேர்ந்து 2015-இல் 'மேரே கலி மே' பாடினார். இரண்டு தெரு, இரண்டு மதம், இரண்டு குரல். வெளியிட்டது சோனி. நாஷ்வில் கதையின் பாதி இங்கேயும் நடந்தது: முதல் பாட்டு சொந்தக் கையில், ஊர் திரும்பிப் பார்த்ததும் நிறுவனம் வாசலில். இந்த இருவர் வாழ்க்கையின் உந்துதலில் உருவான 'கல்லி பாய்' 2019 பிப்ரவரி 14 அன்று வெளியானது. கதை நடக்கும் இடம் தாராவி.

தாராவியிலேயே தமிழ்ப் பிள்ளைகளும் இருந்த குழு டோப்அடெலிக்ஸ். ஸ்டோனி சைக்கோ என்று மேடையில் அறியப்படும் டோனி செபாஸ்டியன் அதன் முக்கியக் குரல்களில் ஒருவர். இந்தி, மராத்தி, தமிழ், ஆங்கிலம் நான்கும் அவர்கள் பாட்டில் வரும். எங்கள் தெருவில் பேசுகிறபடிதான் அது. அம்மாவிடம் தமிழ், போலீஸ்காரரிடம் மராத்தி, நண்பனிடம் இந்தி என்று ஒரே பையன் பத்து நிமிடத்தில் மூன்றும் பேசுவான். அவர்களுடைய ஒரு பாட்டின் மராத்தித் தலைப்பை நம் பேச்சில் சொன்னால், "அம்மா மேல சத்தியமா சார், அது நான் இல்ல" என்று வரும். தெருவில் நிற்கும் இளைஞனைப் போலீஸ் சந்தேகத்தில் பிடிப்பதைப் பற்றியது. தாராவியில் வளர்ந்த ஆண்பிள்ளை எவனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்பான், அல்லது பக்கத்தில் நின்றவன் சொல்லக் கேட்டிருப்பான்.

வெய்லனும் வில்லியும் 'அவுட்லா' என்ற பட்டத்தை விரும்பிச் சூடியவர்கள், அதிலும் வெய்லனுக்கு அது பிறகு பாரமானது. 1977-இல் போதைப்பொருள் வழக்கில் நிஜமாகவே போலீஸ் அவரைத் தேடிவந்தது, அடுத்த ஆண்டு இந்த அவுட்லா விளையாட்டு எல்லை மீறிவிட்டதே என்று அவரே பாடினார். தாராவிப் பையனுக்குச் சூடுகிற வேலையே இல்லை. பிறந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது, அதனாலேயே அவன் பாதி சட்டத்துக்கு வெளியே. அவன் பாடுவது, தான் எதையும் மீறவில்லை என்பதை. மீறினேன் என்று பெருமையாகப் பாடுவது ஒரு வகை, மீறாமலே வெளியே நிற்கவைத்தார்கள் என்று பாடுவது வேறு வகை. இரண்டாவதைப் பாடத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம். முதலாவதில் ஒரு கவர்ச்சி இருக்கிறது. இரண்டாவதில் அவமானத்தை வெளியே எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

2018 ஜூன் 7-இல் வந்த 'காலா' இந்தக் குரலைச் சென்னைக்குக் கொண்டுபோனது. பா. ரஞ்சித் இயக்கம், சந்தோஷ் நாராயணன் இசை, தயாரித்தவர் தனுஷ். நெல்லையிலிருந்து போன கரிகாலன் தாராவி மண்ணுக்காக நிற்கும் கதை. இதற்கும் சென்னையில் செட் போட்டார்கள், ஆனால் இந்தத் தடவை செட்டுக்குள் தாராவிக் குரல்கள் இருந்தன. டோப்அடெலிக்ஸ் குழுவினர் படத்தில் தெருப் பாடகர்களாகவே வருவார்கள். 'செம்ம வெயிட்டு' பாட்டில் அருண்ராஜா காமராஜோடு சேர்ந்து எழுதியவர்கள் அவர்களும் லோகனும். 'போராடுவோம்', 'தெருவிளக்கு' இரண்டும் அவர்கள் பாடியவை. 'கற்றவை பற்றவை'யில் மலேசியாவின் யோகி பி. 2006-இல் 'வல்லவன்' ஆல்பம் வழியாகத் தமிழ் ராப்புக்கு ஊர் ஊராக வாசல் திறந்தவர் அவர். அரக்கோணத்து அறிவு எழுதிய 'உரிமையை மீட்போம்' வேறு. தோட்டத் தொழிலுக்குக் கப்பலேறிய தமிழும் தோல் பதனிட ரயிலேறிய தமிழும் ஒரே ஆல்பத்தில் சந்தித்தன என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

'தெருவிளக்கு' பாட்டைத் தாராவியிலேயே இருக்கும் என் அக்கா வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். அதே படத்தின் 'கண்ணம்மா' அளவுக்கு அது பேசப்படவில்லை. ஆனால் அந்த உச்சரிப்பு! சென்னைத் தமிழும் இல்லை, சுத்தமான நெல்லைத் தமிழும் இல்லை, வல்லினம் கொஞ்சம் இந்தியில் சாய்ந்து, வாக்கியம் பாதியில் வேறு மொழிக்குத் தாவும் எங்கள் தமிழ். சினிமாவில் அதை யாரும் திருத்தாமல் விட்டு நான் கேட்டது அதுதான் முதல்முறை. நாஷ்வில்லில் வில்லியின் பின்தங்கிய தாளத்தைத் திருத்த நினைத்தவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன். சந்தோஷ் நாராயணன் அந்தப் பிழையைப் பிழையாகக் கேட்கவில்லை, அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே நேரம், பெரிய நட்சத்திரத்தின் படம் என்பதால் அந்தப் பிள்ளைகளின் பாட்டு அவர் நடைக்குப் பின்னணியாகும் இடங்களும் உண்டு. எழுத்தும் குரலும் அவர்கள் கையில் இருந்தன, கேமரா இல்லை. வெய்லன் பதிவு மேசைக்கு வந்து சேர ஏழு வருடம் ஆனது என்பதால் இதைக் குறையாக நான் சொல்லமாட்டேன்.

அக்கா வீட்டுச் சந்தில் இப்போது இரண்டு பையன்கள் பாடுகிறார்கள். பதினாறு, பதினேழு வயது இருக்கும். ஒருவன் தரைத்தளத்துக்காரன், அவன் தாத்தா நெல்லையிலிருந்து வந்து போட்ட குடிசை அது. இன்னொருவன் அதே வீட்டின் மேலே இரும்பு ஏணி வைத்து ஏறும் வாடகை அறையில் இருக்கிறான், குடும்பம் பீகாரிலிருந்து வந்தது. சாயங்காலம் ஏணியின் மூன்றாவது படியில் போனைச் சாய்த்து வைத்து பீட் ஓடவிடுவார்கள். கீழ்வீட்டுக்காரன் தமிழும் இந்தியுமாக வரி சொல்வான். மேல்வீட்டுக்காரனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசித் தமிழ்ச் சொல்லையும் சரியாகப் பிடித்துத் திருப்பி அடிப்பான். வில்லுப்பாட்டு அவன் கேட்டதே இல்லை. "மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். நல்லா இருக்குலே என்றேன். அவர்கள் வரியிலும் பதினேழு வருகிறது.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்கான ஏலத்தை 2022-இல் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பவர் என்று நிரூபிப்பவருக்கு 350 சதுர அடி வீடு இலவசமாக, தாராவிக்குள்ளேயே. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் மும்பையில் வேறு எங்கோ. அந்தச் சந்தின் வீடுகளில் கணக்கெடுப்புக்காரர்கள் எண் எழுதிப் போயிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரனின் அம்மா பழைய ரேஷன் அட்டை, 1995 வாக்காளர் பட்டியல் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். மேல்வீட்டுக்காரனிடம் வாடகை ஒப்பந்தம்கூட இல்லை. நான் கிளம்பும்போது இருவரும் ஏணிப்படியில் உட்கார்ந்து, புதுப் பாட்டுக்கு யார் முதல் வரி சொல்வது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.